கரிசல் ரோடும் புது ஷாக்கும்: விருதுநகர் டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு டூ வீலர் ரவுண்டு!

விருதுநகரில் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கும்வரை நம் வண்டியின் ஷாக் அப்சர்பரைப் பற்றி யாருக்கும் நினைப்பு வராது. இறங்கி, உள்பக்க ரோடுகளில் நுழைந்த பிறகு வேறு எதைப் பற்றியும் நினைப்பு வராது.

குழி என்றால்கூடப் பரவாயில்லை, பார்த்து ஒதுங்கிவிடலாம். இந்தப் பக்கம் ரோட்டில் பிரச்னை குழி அல்ல, அலை. தார் கிழிந்திருக்காது. ஜல்லி பெயர்ந்திருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல ரோடுதான். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டி தூளி மாதிரி ஏறி இறங்க ஆரம்பிக்கும்.

காரணம், தாருக்குக் கீழே இருக்கும் கரிசல் மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும். சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்து, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருஷா வருஷம் உப்பி, சுருங்கி, உப்பி, சுருங்கி மேலே போட்ட ரோட்டையும் தன்னோடு சேர்த்து வளைத்துவிடும். பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் பிடித்த மண், ரோடு போடும் கான்ட்ராக்டருக்கு ஆகாத மண். காரில் போகிறவர்களுக்கு இது லேசான தாலாட்டு. டூ வீலரில், அதுவும் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு, அதே தாலாட்டு முதுகெலும்பில் போய் முடியும்.

எங்கள் வீட்டில் அந்தப் பின் சீட்டு அப்பாவுடையது.

அப்பா சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். முப்பது வருஷத்துக்கும் மேல் மெஷின் பக்கத்தில் நின்றே வேலை. பேப்பர் ரீம் தூக்குவது, குனிந்து அடுக்குவது, மறுபடி தூக்குவது. விளைவு, இடுப்புக்கு மேலே தண்டுவட டிஸ்க்கில் பிரச்னை. "குலுங்குற பயணம் கூடாது. டூ வீலரைக் குறைச்சுக்கங்க. போயே ஆகணும்னா மெதுவா, ஷாக் நல்லா இருக்குற வண்டியில போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களிடம் கார் கிடையாது. பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தால் டூ வீலரே தேவலை என்றாகிவிடும். போன வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போக முடியவில்லை. அப்பாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பார்க்காமல் விட்ட முதல் தேர் அது. அன்று முழுக்க வீட்டில் டி.வி-யைப் போடவே இல்லை.

இந்த வருஷம் எப்படியும் அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். என்னுடையது 150 சி.சி பைக். பின்னால் இரண்டு பக்கமும் ஷாக் இருக்கும் பழைய மாடல். வண்டியோடு வந்த ஷாக்குகளில் ஒன்று ஆயில் கசிந்து, அழுத்தினால் அப்படியே பம்மிவிடும் நிலைக்கு வந்திருந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் குட்டி சிலிண்டர் ஒட்டிக்கொண்டிருக்கும் கேஸ் ஷாக் ஜோடி ஒன்றை வெளியூர்க் கடை ஒன்றில் மாட்டினார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போனது. பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருந்தது.

விருதுநகரிலிருந்து கிளம்பி, ஆமத்தூர் தாண்டி, திருத்தங்கல் வந்து சேர்வதற்குள் அப்பா இரண்டு முறை தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இரண்டாவது முறை இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பழசே பரவாயில்லப்பா" என்றார். திருத்தங்கல் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் குன்றின் மேல் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் படிகளை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

காலண்டர்கள் தொங்கும் பட்டறை

சிவகாசிக்குள் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் மூன்று விஷயங்கள் உங்களைக் கடக்கும். வெட்டிய பேப்பரின் வாசம், ஓடும் பிரஸ்ஸின் சத்தம், மூட்டையோ கட்டோ ஏற்றிய எக்ஸ்.எல் மொபெட். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ் 50 வெளிவந்தது முதல் இந்த ஊருக்கும் மொபெட்டுக்கும் ஒரு பந்தம். 2015-ல் வந்த எக்ஸ்.எல் 100 அதைத் தொடர்கிறது. முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு கட்டு, பின்னால் சீட்டைக் கழற்றிய இடத்தில் மூன்று கட்டு, நடுவில் மனிதர். அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மொபெட்டுகளையும் லோடு ஆட்டோக்களையும் பார்ப்பதுதான் நான் போன பட்டறைக்கு முக்கிய வேலை. ரேஸ் ஷாக் பற்றி இவருக்கு என்ன தெரியப் போகிறது என்று யாராவது நினைத்தால், தப்பு. லோடு ஏற்றிய சஸ்பென்ஷனைத் தினமும் பார்க்கிறவருக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. பட்டறைச் சுவர் முழுக்கக் காலண்டர். இந்த ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதனால் ஆனி மாதக் கடைசியிலேயே நம்மைச் சுற்றி அடுத்த ஜனவரி நடமாட ஆரம்பித்துவிடும்.

"புது ஷாக்கு போட்டும் இடுப்பு வலிக்குதா அண்ணாச்சி? உக்காருங்க" என்று அப்பாவுக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டு, மெக்கானிக் அண்ணன் முதலில் ஷாக்கைத் தொடவே இல்லை. டயரில் காற்று எவ்வளவு என்று பார்த்தார்.

"ஷாக்கு சரியில்லனு வர்ற வண்டியில பாதிக்கு மேல காத்துதான் தம்பி கோளாறு. கல்லு மாதிரி அடிச்சு வெச்சுட்டு, ஷாக்கைத் திட்டுவாங்க." எங்கள் டயரில் அளவு சரியாக இருந்தது.

அடுத்து போல்ட், புஷ், வாஷர். இங்கே முதல் விஷயம் அகப்பட்டது. இடது பக்க ஷாக்கின் மேல் போல்ட்டில், ஃபிரேமுக்கும் ஷாக்குக்கும் நடுவே ஒரு வாஷர் இருந்தது. வலது பக்கம் இல்லை. அதனால் வலது ஷாக் மயிரிழை சாய்ந்து நின்றது. வண்டி அழுந்தும்போதெல்லாம் அதன் குட்டி சிலிண்டர் பக்கவாட்டு பேனலில் உரசியிருக்கிறது. பெயின்ட்டில் நகக்கீறல் போல ஒரு கோடு. விரலால் தடவிக் காட்டினார். ஷாக் சாய்ந்து நின்றால் உள்ளே இருக்கும் தண்டு நேராக இறங்காது, சீலைத் தேய்த்துக்கொண்டு இறங்கும். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் இதுவும் ஆயில் கசிந்திருக்கும்.

ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் மரை வளையத்தைப் பார்த்தார். பெட்டியில் வந்தபோதே இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை. இடது பக்கம் இரண்டு மரை கூடுதல். கொக்கி ஸ்பேனரால் இரண்டையும் சமமாக்கினார்.

இஞ்ச் டேப் சொன்ன உண்மை

ஷாக் அப்சர்பர் என்றால் இரண்டு வேலை. ஸ்பிரிங் எடையைத் தூக்கும். உள்ளே இருக்கும் ஆயில், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் ஸ்பிரிங். அது சரியான பிறகே ஆயில். வரிசை மாறக் கூடாது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்க, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒட்டிய ஒரு டேப் துண்டு வரை அளந்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வண்டி தன் எடையில் நிற்கும்போது ஓர் அளவு. நானும் அப்பாவும் ஏறி உட்கார்ந்தபோது ஓர் அளவு. நான் 64 கிலோ, அப்பா 58.

வண்டி தனியாக நின்றபோது இறக்கம், பூஜ்யம். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. நாங்கள் இருவரும் உட்கார்ந்தபோது 14 மி.மீ.

"இதான் சேதி" என்றார். பின் சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்தத் தூரம் இந்த வண்டியில் ஏறக்குறைய 100 மி.மீ. ஆள் ஏறி உட்கார்ந்தால் அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும். அதாவது 25-லிருந்து 33 மி.மீ. வெறும் வண்டிகூட ஐந்தோ பத்தோ இறங்கி நிற்க வேண்டும். ஏன்? மேடு வந்தால் சக்கரம் மேலே ஏறுகிறது, சரி. பள்ளம் வந்தால்? சக்கரம் கீழே போக இடம் வேண்டாமா? இறக்கம் குறைவான ஷாக், காலை முழுக்க நீட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி. பள்ளத்தில் கால் எட்டாது. அலையின் பின்சரிவில் டயர் தரையை விட்டுவிடும், அடுத்த அலையில் போய் மோதும். அந்த மோதல்தான் அப்பாவின் இடுப்பில் விழுந்தது.

மரை வளையத்தை இரண்டு பக்கமும் சரியாக 10 மி.மீ தளர்த்தினார். மறுபடி அளந்தோம். இருவரோடு 24 மி.மீ, வெறும் வண்டி 5 மி.மீ.

"இன்னும் தளர்த்தினா சாஃப்ட்டா ஆகாதாண்ணே?"

"ஆகாது தம்பி. வளையத்தை இறுக்குனா ஸ்பிரிங் கெட்டி ஆகுது, தளர்த்துனா இளகுதுனு எல்லாரும் நெனைக்கிறாங்க. ஸ்பிரிங் கம்பி அதே கம்பிதான? வண்டி நிக்கிற உசரம்தான் மாறுது. இதுக்கு மேல தளர்த்துனா வண்டி மேல ஏறி நிக்கையில ஸ்பிரிங் லூஸாகி கடகடனு ஆடும். இது உங்க வண்டியை விட கனமான வண்டிக்குப் போட்ட ஸ்பிரிங். நீங்க தனியா போறப்ப கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும். அண்ணாச்சி உக்காந்தா சரியாருக்கும்."

எக்ஸ்.எல்-லில் இதே கதையை அவர் தினமும் பார்க்கிறார். ரீம் ஏற்றுவதற்காகக் கெட்டி ஸ்பிரிங்காகப் பார்த்துப் போடச் சொல்வார்கள். சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியில் வீட்டுக்குப் போகும்போது உதைக்கிறது என்று மறுநாள் வந்து நிற்பார்கள். லோடு இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி போகும் ஸ்பிரிங் என்று ஒன்று கிடையாது. எதற்காகப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு வர வேண்டியதுதான்.

பின்பக்கம் உயரம் மாறியதால் செயின் தளர்வும் மாறியிருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது செயினைப் பார்த்துச் சரிசெய்தார். இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள்.

பனியிலும் இதே அலைதான்

ஒரு சின்ன டைவர்ஷன். காஷ்மீரின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனியில் ஓடும் ஸ்னோமொபைலைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பெல்ட். அந்த வண்டியின் கதை ஒரு அப்பாவின் கதையும்கூட. 1934 குளிர்காலம், கனடாவின் கியூபெக் மாகாணம். வால்கூர் என்ற ஊரில் மெக்கானிக்காக இருந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியேவின் 2 வயது மகனுக்கு வயிற்றில் கடுமையான நோய்த்தொற்று. ரோடெல்லாம் பனி மூடிக்கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டிக்காக ஏற்கெனவே முயற்சி செய்துகொண்டிருந்தவர் அதன் பிறகு விடவே இல்லை. 7 பேர் உட்காரும் வண்டிக்கு 1937-ல் காப்புரிமை வாங்கினார். 1959-ல் ஒருவர் இருவர் போகும் சின்ன ஸ்கி-டூ வந்தது.

பனித்தடத்திலும் வண்டிகள் போகப் போக வரிசையாக அலை மேடுகள் எழும்பிவிடும். அங்கே இருப்பவர்களும் கம்பெனி ஷாக்கைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஷாக்கைப் போடுவார்கள், மாட்டியதும் "முன்பைவிட மோசம்" என்பார்கள். அவர்களுக்கும் வழி இதேதான்: முதலில் இறக்கம் அளப்பது, பிறகு ஸ்பிரிங், கடைசியில் ஆயில். பெல்ட்டுக்குள் முன்பக்கம் இருக்கும் ஷாக்கை அதிகமாக இறுக்கிவிட்டால் சறுக்குக் கட்டைகள் லேசாகி, ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அவர்களுக்குக் குளிரில் ஆயில் கெட்டிப்படும். நமக்கு, 40 டிகிரி விருதுநகர் வெயிலில் ஆயில் இளகும். கேஸ் இருப்பது அந்த இளகலுக்காக அல்ல, நுரைக்காக. தொடர்ந்து குலுங்கினால் சாதாரண ஷாக்கின் ஆயிலில் காற்று கலந்து நுரை கட்டும், நுரையால் எதையும் அடக்க முடியாது. நைட்ரஜனை அழுத்தத்தில் அடைத்துவைத்தால் நுரை கட்டுவது தடுக்கப்படும். அந்தச் சிலிண்டரை மட்டும் யாரையும் திறக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் விளையாட்டு இல்லை, அதற்கென்று கருவி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை.

சாத்தூர் ரோட்டில் 58 கிலோ பேப்பர்

சோதனை ஓட்டத்துக்கு அப்பாவை உட்காரவைக்கக் கூடாது என்பதில் மெக்கானிக் அண்ணன் கறாராக இருந்தார். பக்கத்து பிரஸ்ஸில் சொல்லி, அப்பா எடைக்குச் சமமாக 58 கிலோ பேப்பர் கட்டுகளைப் பின் சீட்டில் இறுக்கிக் கட்டினார். "அண்ணாச்சி வாழ்நாள் பூரா பேப்பரைத் தூக்குனாரு, இன்னிக்கு பேப்பர் அவருக்காகப் போகட்டும்." அப்பா சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு.

ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, கீழே இறக்கிவைத்தார். ஓடும்போது ஷாக் எவ்வளவு தூரம் அழுந்துகிறதோ அவ்வளவு தூரம் அது தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். திரும்பி வந்து பார்த்தால் போதும். இரண்டு ரூபாய் டை, எந்த மீட்டருக்கும் குறைந்ததல்ல.

சாத்தூர் போகும் ரோட்டில் பட்டாசு ஆலைகள் தெரிய ஆரம்பிக்கும். ஆலை என்றதும் பெரிய கட்டடம் தேடாதீர்கள். வேலிக்குள், மரங்களுக்கு நடுவே, ஒன்றை விட்டு ஒன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள்தான். ஒன்றில் விபத்து நடந்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. இரும்புக் கருவி கூடாது, பொறி பறக்கும். குளோரேட்டோடு கந்தகத்தைச் சேர்க்கவே கூடாது என்று சட்டம். அந்தக் கலவை ஓர் உரசல், ஓர் அடியைக்கூடத் தாங்காது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் தேதியை இந்தப் பக்கத்து ஆட்கள் காலண்டர் பார்க்காமல் சொல்வார்கள். அதிர்ச்சி, உரசல் போன்ற வார்த்தைகளை இந்த ஊரில் யாரும் சும்மா சொல்வதில்லை. காலையில் வேன்களில் நெருக்கியடித்து ஆலைக்குப் போகிற பெண்களும் இதே அலை ரோட்டில்தான் போகிறார்கள். அவர்கள் இடுப்பை யாரும் இஞ்ச் டேப் வைத்து அளந்ததில்லை.

முதல் ஓட்டம். முதல் அலையில் நல்ல வித்தியாசம். இரண்டாவதும் பரவாயில்லை. ஆனால், நாலாவது ஐந்தாவது அலையில் பழையபடி முதுகில் அடி. வேகத்தைக் குறைத்து, ரோடு சமமான இடம் வந்தால் மறுபடி மெதுவாகிவிடுகிறது. திரும்பி வந்து சொன்னதும், அவர் சீட்டைக் கையால் அமுக்கி விட்டார். வண்டி சோம்பல் முறிப்பதுபோல மெல்ல மெல்ல மேலே வந்தது.

"அமுங்குது, எழுந்திரிக்க மாட்டேங்குது. முதல் மேட்டுல உக்காந்தது எழுந்திரிக்குறதுக்குள்ள ரெண்டாவது மேடு வந்துருது. அப்படியே நாலு மேட்டுல அடிவரைக்கும் போயிருது. அப்புறம் ஷாக்கு எங்க இருக்கு? வெறும் இரும்புதான்."

ஷாக்கின் அடியில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. திரும்பி மேலே வரும் வேகத்தை அதுதான் கட்டுப்படுத்தும். முழுக்க மூடிவிட்டு, அங்கிருந்து 'கிளிக்'குகளை எண்ணித் திறக்க வேண்டும். பெட்டியில் வந்தபடி அது மூடிய இடத்திலிருந்து 4 கிளிக்கில் இருந்தது. கிட்டத்தட்ட மூடியே இருந்தது எனலாம். இரண்டு பக்கமும் 10 ஆக்கினோம்.

இரண்டாவது ஓட்டம். அதே ரோடு, அதே வேகம், அதே பேப்பர். ஐந்தாவது அலையும் முதல் அலை மாதிரியே இருந்தது. ஆசை யாரை விட்டது, 14 வைத்துப் பார்க்கலாம் என்றார். மூன்றாவது ஓட்டத்தில் வண்டி படகு மாதிரி அசைந்தது. மேடு முடிந்த பிறகும் ஒன்றிரண்டு முறை துள்ளிவிட்டுத்தான் அடங்கியது. வளைவில் அது நல்லதல்ல. திரும்ப 10. கேபிள் டை, தண்டின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது. மோசமான மேட்டில்கூட அடி தட்டவில்லை, அதே சமயம் கொடுத்த தூரத்தை வீணாக்கவும் இல்லை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதை எழுதிவைப்பது. அவர் அந்தக் காலண்டர்த் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். ஒரு பக்கம் ராகு காலம், எமகண்டம். மறுபக்கம் 24, 5, 10.

கூலி வாங்கும்போது ஒன்று சொன்னார். ஷாக் வாங்கும்போது மேல் துளையிலிருந்து கீழ்த் துளை வரை பழையதன் நீளம் எவ்வளவோ அதே நீளம்தான் வாங்க வேண்டுமாம். வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று நீளமானதாகப் போட்டால் சென்டர் ஸ்டாண்ட் எட்டாது, செயின் கோணம் மாறும், முன்பக்கம் குத்திக்கொண்டு நிற்கும். இளைஞர்கள் கவனிக்க!

அப்பாவோடு மல்லி வழியாக

மறுநாள் காலை வெயில் ஏறும் முன் கிளம்பினோம். தேருக்கு இன்னும் நாள் இருந்தது. இது ஒத்திகை. சிவகாசியிலிருந்து மல்லி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், 20 கிலோமீட்டர் சொச்சம். மேற்கே போகப் போகக் கரிசல் விலகி, மண் சிவக்கும். மலை நீலமாக எழும்பிக்கொண்டே வரும். 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் 1988-லிருந்தே இருக்கிறது.

நான் கண்ணாடியில் ரோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் பல்லைக் கடித்துத் தயாராவார். மேடு போகும். முகம் குழம்பும். மூன்றாவது நான்காவது மேட்டுக்குப் பிறகு தயாராவதை விட்டுவிட்டார். மல்லியில் தோளைத் தட்டினார். எனக்குச் சுருக்கென்றது. "டீ குடிச்சுட்டுப் போவோம்" என்றார்.

11 நிலைக் கோபுரம் ஊருக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடும். ஆண்டாள் சந்நிதியில் கூட்டம் இல்லை. வெளியே வந்து, தேர் நிற்கும் இடத்தில் அப்பா கொஞ்ச நேரம் நின்றார். மாவட்டத்திலேயே மிகப் பெரிய வண்டி அதுதான். அதற்கு ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக்கும் கிடையாது. ஆயிரக்கணக்கான கைகள் இழுக்கும், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். "இதுல உக்காந்து வர்ற ஆண்டாளுக்கு இடுப்பு வலிக்காதா?" என்று நான் கேட்டதற்கு, "வாயை மூடுறா" என்றார்.

பால்கோவா கால் கிலோ. புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்தது என்று கடை போர்டில் எழுதாவிட்டாலும் அந்தச் சுவை சொல்லிவிடும். விறகடுப்பில் காய்ச்சும் கடையாகப் பார்த்து வாங்குங்கள், சூடாகக் கிடைத்தால் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

திரும்பும்போது அப்பாவுக்கு வலியே இல்லை என்று எழுத ஆசைதான். சிவகாசி நெருங்கும்போது லேசாக வந்துவிட்டது. வீட்டில் ஒரு மணி நேரம் படுத்த பிறகு எழுந்து, சாயங்காலம் வழக்கம்போல கடைத்தெருவுக்கு நடந்து போனார். திருத்தங்கல் நாளுக்குப் பிறகு மூன்று நாள் படுக்கையில் இருந்தவர். டிஸ்க் பிரச்னை இருப்பவர்கள் ஷாக் மாற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். டாக்டர் கூடாது என்றால் கூடாதுதான். எங்களுக்கு டாக்டர் சொன்னது, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை இறக்கி நடக்கவிட வேண்டும் என்பது. மல்லி அதற்குச் சரியாக இருக்கிறது, டீயும் நன்றாக இருக்கிறது.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் படிந்துவிடும் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அளக்க வரச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அண்ணன். அதோடு முன் ஃபோர்க் ஆயிலையும் மாற்ற வேண்டும். பின்பக்கம் நன்றாகிவிட்டதால், முன்பக்கம் இவ்வளவு நாள் எவ்வளவு மோசமாக இருந்தது என்று இப்போதுதான் கைக்குத் தெரிகிறது.

அப்பா வேறு கணக்கு போடுகிறார். ஆடிப்பூரம் ஸ்ரீவில்லிபுத்தூர், அது முடிவாகிவிட்டது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கும் போகலாமா என்று நேற்று ராத்திரி கேட்டார். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடம், சாத்தூர் தாண்டிப் போக வேண்டும். முழுக்கக் கரிசல். போன் எடுத்து மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், டீக்கடை எங்கெங்கே இருக்கிறது என்று.